பானைக்குள்ளே யார் பேரு?

(பட்டிமன்றத் தலைப்பு: "குழுக்களில் குலுக்கல் பரிசு: எல்லார் பெயரையும் போடுவதே நியாயம்! தகுதி பார்த்துப் போடுவதே நியாயம்!" இதில் 'தகுதி பார்த்துப் போடுவதே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப உருக்கமாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். "பாரி முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தானே, அந்தக் கொடிகிட்ட 'நீ எந்தக் குழு, எப்ப சேர்ந்தே, உறுப்பினர் எண் என்ன'ன்னு கேட்டானா?" என்று ஒரு கேள்வி போட்டார்கள். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். நல்ல கேள்விக்கு எதிரணிக்காரன் தட்டக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்லையே!

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பாரி கொடுத்தது யார் தேர்? அவன் தேர். நின்றது எத்தனை கொடி? ஒரே கொடி. அவன் பொருளை அவன் ஒருத்தருக்குக் கொடுத்தான். அதுக்கு எதுக்கய்யா விதி? அதே இடத்திலே நூறு முல்லைக் கொடி வரிசையா நின்னு, எனக்கும் தேர், எனக்கும் தேர்னு தலையை ஆட்டியிருந்தா என்ன செஞ்சிருப்பான்? பக்கத்தில் நின்ற கபிலரைப் பார்த்து, "புலவரே, ஒரு வழி சொல்லுங்க" என்றுதான் கேட்டிருப்பான். கபிலர் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை. வேறொரு மன்னனிடம் சொல்லியே இருக்கிறார். மலையமான் திருமுடிக்காரியைப் பார்த்துப் பாடிய பாட்டு, புறநானூற்றில் 121. கொடுக்கிறது சுலபம், யாருக்கு எது தகும் என்று அறிந்து கொடுப்பதுதான் கடினம், எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்கிற பார்வையை விட்டுவிடு என்பது அதன் பொருள். பாரியோட உயிர்த் தோழரே எங்க அணியிலதான் இருக்கார்! (கைதட்டல்)

சரி, மலையிலிருந்து இறங்கி வருவோம்.

இன்றைக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு வாட்ஸ்அப் குழு. தெருவுக்கு ஒரு குழு. பிள்ளையின் வகுப்புக்கு ஒரு குழு. பழைய பாட்டுக் கேட்கிறவர்களுக்கு ஒரு குழு. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி பத்தாம் வகுப்பில் சேர்ந்து ஃபெயில் ஆனவங்களுக்கு ஒரு குழு. (சிரிப்பு) இந்தக் குழுக்களில் யாராவது ஒரு புண்ணியவான் 'நான் ஒரு மிக்ஸி தருகிறேன், குலுக்கிப் போட்டு ஒருவருக்குக் கொடுங்கள்' என்பார். அங்கேதான் ஆரம்பிக்கும் வினை.

எனக்குத் தெரிந்த ஒரு மாடித்தோட்டக் குழு. அதிலே ஒரு அம்மா, ஒரு வருஷமாக நாட்டுக் கத்தரி, நாட்டு அவரை, சுரை என்று விதை எடுத்துக் காயவைத்து, சாம்பல் கலந்து பொட்டலம் போட்டு வைத்திருந்தார்கள். மொத்தம் இருபத்தைந்து பொட்டலம். அதைக் குலுக்கல் முறையில் குழுவுக்குத் தருகிறேன் என்று ராத்திரி அறிவித்தார்கள். விதி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனசு, எல்லாருக்கும்னு நினைச்சாங்க. விடிஞ்சு பார்த்தா குழு இரண்டு மடங்கு ஆகியிருக்கு! யார் யாரோ. செடி வைக்கிறவரா, தொட்டி இருக்கிறவரா, மாடியாவது இருக்கிறவரா, ஒன்றும் தெரியாது. குலுக்கினார்கள். பாதிக்கு மேல் புதுசா வந்தவங்களுக்கே விழுந்தது. விழுந்த பொட்டலம் கைக்கு வந்த மறுநாள் திரையில் வரிசையாக வருகிறது: வெளியேறினார்... வெளியேறினார்... வெளியேறினார்!

அந்த அம்மா விதையைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் இதே கத்தரியில் விதை எடுத்து நாலு பேருக்கு நீங்க கொடுக்கணும்னு ஒரு சீட்டு எழுதி ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளேயும் வைத்திருந்தார்கள். அதைப் படிக்கிறதுக்கு ஆள் குழுவிலேயே இல்லை. 'எல்லார் பேரையும் போடு' என்று சொல்லும் எதிரணி நண்பர்களே, இதிலே யாருக்கய்யா நியாயம் நடந்தது? மூணு வருஷமா அந்தக் குழுவில் இருந்து, பூச்சி வந்த இலையைப் படம் எடுத்துக் கேட்டவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நடந்ததா?

அதனால்தான் சொல்கிறோம். அறிவிப்பு வருகிறதுக்கு முன்னாடி யார் வீட்டுக்குள்ளே இருந்தாங்களோ அவங்க பேரை மட்டும் போடு. பரிசைப் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்போம், காபி கொடுப்போம், அடுத்த குலுக்கலில் அவர்களும் உண்டு. இந்தக் குலுக்கலில் இல்லை. இதில் யாருக்கு என்ன அநியாயம்?

இங்கே நடுவரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். என் அணியில் முதலில் பேசிய தம்பி ஒரு வார்த்தை சொன்னார். "குழுவிலே சுறுசுறுப்பா இருக்கிறவங்களுக்குத்தான் பரிசு, குறைஞ்சது அம்பது பதிவு போட்டிருக்கணும்" என்றார். தம்பி, உங்க கட்சிதான் நான். ஆனா அந்த அம்பதுல எனக்கு உடன்பாடு இல்லை. ("அணிக்குள்ளேயே சண்டையா?" என்று நடுவர் கேட்க, சிரிப்பு.) சண்டை இல்லீங்க ஐயா, குடும்பம்னா இப்படித்தான் இருக்கும்.

அம்பது பதிவு என்று அறிவித்துப் பாருங்கள். மறுநாள் காலை நாலரை மணிக்கு ஆரம்பிக்கும். 'காலை வணக்கம்'னு ஒரு சூரியகாந்திப் பூ. 'இனிய செவ்வாய்'னு ஒரு முருகன். டீ டம்ளர், அதுக்கு மேலே ஒரு ரோஜா, ரோஜாவுக்கு மேலே ஒரு பொன்மொழி. யாராவது இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் அதுக்குக் கீழேயும் கைகூப்பி நாற்பது படம், அதிலே நாலு பேர் பழக்க தோஷத்துல கைதட்டுற படம்! (பலத்த சிரிப்பு) எதை எண்ணுகிறாயோ அது பெருகும். பதிவை எண்ணினால் பதிவு பெருகும், குழு பெருகாது.

அதே குழுவிலே இன்னொருத்தர் இருப்பார். ஒரு வரி எழுத மாட்டார். தமிழ்த் தட்டச்சு வராது, கண்ணாடி போட்டால்தான் எழுத்தே தெரியும். ஆனா ஒவ்வொண்ணையும் படிப்பார். மூணாவது மாடியில் ஒருத்தருக்கு ஆபரேஷன் என்று படித்தால், பதில் போட மாட்டார், பாத்திரத்தில் ரசம் சாதம் எடுத்துக்கிட்டு படியேறுவார். அவரைத் தகுதி இல்லை என்று வெளியே நிறுத்தி, சூரியகாந்திக்காரரை உள்ளே விடுகிற விதி என்ன விதி? ஆகவே கூச்சலை எண்ணாதே, இருப்பை எண்ணு. எப்போ சேர்ந்தார், இன்றைக்கும் இருக்கிறாரா, அது போதும்.

இன்னொரு கூத்து உண்டு. 'முதலில் பதில் போடும் பத்துப் பேருக்கு' என்று ஒரு முறை. கேட்க ரொம்ப சமத்துவமாக இருக்கும். யார் முதலில் போடுவார்? கையிலே போனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர். அடுப்பில் தாளிப்பு வெடிக்கிற நேரத்தில் இருக்கிற அம்மா போட முடியுமா? இரவுப் பணியில் இருக்கிற செவிலியர் போட முடியுமா? பேருந்து ஓட்டுகிறவர் போட முடியுமா? போடக் கூடாது, அவர் போட்டால் நமக்கு ஆபத்து!

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2011இல் அமெரிக்க அரசாங்கமே இதில் மாட்டிக்கொண்டது. அங்கே குடியேறும் விசாவில் ஒரு பகுதியைக் குலுக்கல் மூலம் கொடுத்துவந்தார்கள். விண்ணப்பிக்க 30 நாள். முதல் நாள் போட்டாலும், முப்பதாம் நாள் போட்டாலும் சம வாய்ப்பு என்பது விதி. குலுக்கினது கம்ப்யூட்டர். முடிவு வந்தது. சுமார் 22,000 பேருக்கு 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்று தெரிந்தும் போயிற்று. பிறகு பார்த்தால், தேர்வானவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் முதல் இரண்டு நாளில் விண்ணப்பித்தவர்கள்! நிரலில் கோளாறு. மொத்தக் குலுக்கலையும் ரத்து செய்து மறுபடி குலுக்கினார்கள். அந்த 22,000 குடும்பத்தில் எத்தனை பேர் இனிப்பு வழங்கியிருப்பார்கள், வேலையை விடுகிறேன் என்று சொல்லியிருப்பார்கள்! வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் ரத்து செய்தது சரி என்றே நான் சொல்வேன். இருபத்தெட்டு நாள் நம்பிக் காத்திருந்த மற்றவர்களிடம் வேறு எந்த முகத்தோடு பேசுவது?

தமிழ் வாத்தியார் அமெரிக்கா போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். இதோ உத்திரமேரூருக்கே வந்துவிட்டேன்.

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919ஆம் ஆண்டில் ஒன்று, 921ஆம் ஆண்டில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். அது அப்பட்டமான குலுக்கல்தான் ஐயா! ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து, வாரியங்களுக்கு ஆள் போட்டார்கள். அந்தக் கல்வெட்டை நீங்கள் வாசித்தால், எடுக்கிறதைவிட, எவன் பெயரைக் குடத்தில் போடலாம், எவன் பெயரைப் போடக் கூடாது என்பதற்குத்தான் கல் அதிகமாகச் செலவாகியிருக்கிறது.

வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவன் இந்த முறை கூடாது. கேட்டீர்களா? போன வருஷம் பரிசு வாங்கினவன் இந்த வருஷம் ஒதுங்கி நில் என்பதை அன்றைக்கே கல்லில் வெட்டிவிட்டான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய அப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனர், மருமகன், சகோதரியின் கணவர், அத்தை மகன், சித்தி பெரியம்மா மகன்... உறவுமுறை அகராதியே எழுதிவிட்டான்! நம்ம அசோசியேஷன் செகரட்டரிங்க அந்தக் கல்வெட்டைப் படிக்காம இருக்கிறதே நல்லது. (கைதட்டல், சிரிப்பு)

இதிலே நான் ரொம்ப ரசிக்கிற இடம் ஒன்று உண்டு. 919இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷத்தில், 921இல், அதை 35 முதல் 70 என்று மாற்றியிருக்கிறார்கள். விதி சரியில்லை என்று பட்டால் மாற்றலாம். ஆனால் எப்போது? சபை கூடி, அடுத்த குலுக்கலுக்கு முன்னால், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கல்லில் வெட்டி. ஓலை வெளியே வந்து பெயரை வாசித்த பிறகு அல்ல.

எதிரணியில் ஒரு நண்பர் சிரிக்கிறார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும். "பேராசிரியரே, அந்தக் குடத்துக்குள்ளே பெண்கள் பெயர் உண்டா? நிலம் இல்லாதவன் பெயர் உண்டா? வேதம் ஓதாதவன் பெயர் உண்டா?" இல்லை நண்பரே, இல்லை. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், அவர்கள் சபை. ஊருக்கு உழுது போட்டவன், நாற்று நட்டவள் யாருக்கும் அங்கே ஓலை இல்லை. தகுதி என்கிற சொல்லை வைத்தே இந்த நாட்டில் எத்தனை பேரை எத்தனை நூற்றாண்டு வாசலுக்கு வெளியே நிறுத்தினோம் என்பது எனக்குத் தெரியாததா? அந்த விதிகளில் பாதி, குடத்தைக் காப்பதற்கு. மீதி, ஆளைத் தடுப்பதற்கு. கணக்குக் காட்டாதவன் கூடாது என்பது குடத்தைக் காப்பது. கால் வேலி நிலம் வேண்டும் என்பது ஆளைத் தடுப்பது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியச் சொல்கிறது எதிரணி. பிரித்து எடு என்கிறது எங்கள் அணி.

உறவினர் கூடாது என்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது பாருங்கள். மெக்டொனால்ட்ஸ் என்று பெரிய உணவு நிறுவனம். அமெரிக்காவில் 'மோனோபொலி' என்று ஒரு பரிசுத் திட்டம் நடத்தினார்கள். உணவுப் பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிரித்தால் பரிசு, பத்து லட்சம் டாலர் வரைக்கும். திட்டத்தை நடத்திக் கொடுத்த நிறுவனத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஜெரோம் ஜேக்கப்சன். சீட்டைக் காவல் காக்க வேண்டிய ஆள். 1989 முதல் 2001 வரை பெரிய பரிசுச் சீட்டுகளை அவரே எடுத்து, சொந்தக்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கைமாற்றிப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார். 2001 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. பிடித்தது. அதற்குள் 2 கோடி டாலருக்கு மேல் பரிசு போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை, 1995இல் பத்து லட்சம் டாலர் சீட்டு ஒன்றைப் பெயர் போடாமல் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறார். திருடனுக்கும் ஒரு நாள் பாரி ஆகணும்னு ஆசை வந்திருக்கு! (சிரிப்பு)

நடத்துகிறவர்கள், அவர்கள் குடும்பத்தார் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி அங்கேயும் இருந்தது. இருந்தும் நடந்தது. ஏன்? சீட்டு ஒரு ஆளின் பையில் இருந்தது, பார்க்கிறதுக்கு ஆள் இல்லை. உத்திரமேரூர்க்காரன் இதையும் விடவில்லை. ஊர் முழுக்கக் கூடிய மண்டபம். ஒரு பெரியவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுபிள்ளை எடுக்க வேண்டும். அந்த ஓலையை மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! (கையை விரித்துக் காட்டுகிறார்) விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால நம்ம ஆளுங்களைப் பத்தி நம்ம ஆளுக்கு எவ்வளவு நல்லாத் தெரிஞ்சிருக்கு! (பலத்த கைதட்டல்)

காசு விஷயம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும். 'அம்பது ரூபாய் டோக்கன் வாங்கினவங்களுக்கு மட்டும் குலுக்கல்' என்று சில இடங்களில் தகுதி வைக்கிறார்கள். காசு வாங்கிக் குலுக்கினால் அது அன்பளிப்பு இல்லை, லாட்டரி. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனையை 2003 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். அனுமதியில்லாத லாட்டரி நடத்துவது பழைய தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 297. கடைக்காரர்கள் பரிசுத் திட்டம் நடத்திவிட்டு, முடிவை வெளியே சொல்லாமல் அமுக்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். கனடாவில் இன்னும் வேடிக்கை. வெறும் அதிர்ஷ்டத்துக்குப் பரிசு தரக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் குலுக்கலில் ஜெயித்தவரைக் கூப்பிட்டு, 'ஐந்தை எட்டால் பெருக்கி நாலைக் கழி' என்கிற மாதிரி ஒரு கணக்குக் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் திறமைக்குப் பரிசு கொடுத்ததாகக் கணக்கு! நம்ம ஊர்ல கேட்டா, பக்கத்துல நிக்கிற பேரன் பதில் சொல்லிடுவான், மிக்ஸி பாட்டிக்குப் போகும். இந்த மாதிரி ஒப்புக்கு ஒரு விதி வைக்கிறதை நான் ஆதரித்துப் பேச வரவில்லை.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, ஊர் பேர் வேண்டாம். பொங்கல் விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினர் என்று கூப்பிட்டிருந்தார்கள். கோலப்போட்டி, உறியடி எல்லாம் முடிந்து கடைசியில் குலுக்கல். பரிசு ஒரு வெட் கிரைண்டர். பானையிலிருந்து சீட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வீட்டு எண்ணையும் பெயரையும் மைக்கில் வாசித்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு சின்னப் பொண்ணு, எட்டு வயது இருக்கும், "அம்மா, நம்ம வீடு, நம்ம வீடு"ன்னு கத்திக்கிட்டு மேடைக்கு ஓடி வருது. அதுக்குள்ளே என் காது பக்கத்தில் ஒரு குரல்: "ஐயா, வேற சீட்டு எடுங்க. அவங்க வாடகைக்காரங்க."

குழந்தை படியேறி வந்து நிற்குது. மேடையிலே நாலு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறாங்க. கீழே அதோட அம்மாவுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. எழுந்தவங்க அப்படியே மறுபடி உட்கார்ந்துட்டாங்க. அந்த உட்கார்ந்த விதம் இருக்கே, அதை நான் சொல்லி விளக்க முடியாது. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

விழா நோட்டீஸ் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து மைக்கிலேயே வாசித்தேன். "நமது குடியிருப்பில் வசிக்கும் குடும்பங்களுக்கு மாபெரும் குலுக்கல்" என்று அச்சிட்டிருந்தது. வசிக்கும் குடும்பம். வாசித்துவிட்டு நோட்டீசைக் காது பக்கத்தில் பேசியவரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிரைண்டர் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது. (கைதட்டல்)

கை தட்டாதீங்க, கதை இன்னும் முடியலை. மறு வருஷம் நோட்டீஸ் வந்தது: "உரிமையாளர்களுக்கு மட்டும்." எதிரணி நண்பர்கள் துள்ளுகிறார்கள், பார்த்தாயா, விதியை வைத்தே அடித்துவிட்டார்கள் என்று. உண்மைதான். மோசமான விதி. மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுகிறவர் அவர், தண்ணீர் மோட்டார் கெட்டால் கீழே இறங்கி வருகிறவர் அவர், உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். முந்தின வருஷம் அந்த விதி ஒருத்தர் மனசுக்குள்ளே இருந்தது. குழந்தை மேடையேறின பிறகு காதோடு வெளியே வந்தது. அதோடு யார் சண்டை போட முடியும்? இந்த வருஷம் அது பலகையில் ஒட்டியிருக்கிறது, விழாவுக்குப் பதினைந்து நாள் முன்னாடி. வாடகைக்கு இருந்த குடும்பங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பொதுக்குழுவில் பேசினார்கள். கூட்டத்தில் காரசாரம். அந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் விதி திரும்பவும் "வசிக்கும் குடும்பங்கள் அனைத்தும், வீட்டுக்கு ஒரு சீட்டு, நிர்வாகக் குழுவினர் நீங்கலாக" என்று மாறியது. நிர்வாகக் குழுவினர் நீங்கலாக என்கிற வரியை எழுதச் சொன்னது யார் தெரியுமா? அன்றைக்கு என் காதில் பேசினாரே, அவரேதான். எழுதப்பட்ட விதிக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு. எழுதினவரையும் அது பிடித்துக்கொள்ளும்.

இப்போது அங்கே புதிதாக ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையில் வாட்ச்மேன் தன் மனைவியோடும் பையனோடும் ஒன்பது வருஷமாக இருக்கிறார். அது 'வசிக்கும் குடும்பமா' இல்லையா? குழுவில் அவர் எண்ணும் இருக்கிறது, தண்ணீர் லாரி வந்தால் தகவல் போடுவதற்காக. சம்பளம் வாங்குகிற ஊழியர், நடத்துகிறவர் பக்கத்து ஆள், ஆகவே கூடாது என்று சிலர். பானையைத் தூக்கி வந்து வைப்பதைத் தவிர அவருக்கு அதில் என்ன பங்கு, ராத்திரி பகல் இங்கேயேதானே இருக்கிறார் என்று சிலர். என்னைக் கேட்டார்கள். போடுங்கள் என்றேன், ஆனால் சும்மா போடாதீர்கள், நோட்டீசில் எழுதிவிட்டுப் போடுங்கள் என்றேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, இதோ முடித்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அங்கே பொதுக்குழு. வாட்ச்மேன் பெயரைச் சீட்டில் எழுதித் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களாம், பானைக்குள்ளே போகுமா போகாதா என்று தெரியவில்லை. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகத்தான் போகிறேன். (கைதட்டல்)